வாங்கும் முன் கேளுங்கள்: ஃபுட்-லாம்பர்ட், அபோஸ்டில்ப், நிட்

கேள்வி: எங்கள் கால்பந்து கிளப் சார்பில் திடலில் 12 அடி அகலத் திரை கட்டி மேட்ச் போட, பழைய ப்ரொஜெக்டர் ஒன்று பார்த்திருக்கிறோம். 3,000 லூமன் (அதிலிருந்து வரும் மொத்த ஒளி). கூட இருக்கும் அமெரிக்கத் தாளில் ‘40 ஃபுட்-லாம்பர்ட்’ என்று போட்டிருக்கிறது. “தியேட்டருக்கே 16 போதும் சார்” என்கிறார் விற்பவர். டிவி கடையிலோ 300 நிட் என்கிறார்கள். எதை நம்புவது?
— வாசகர், வியாசர்பாடி

பதில்: இரண்டுமே ஒரு பரப்பு எவ்வளவு பிரகாசமாகத் தெரிகிறது என்பதன் அலகுகள். 1 ஃபுட்-லாம்பர்ட் என்பது 3.426 நிட். அப்படியானால் 40 என்பது 137 நிட்தான். டிவிக்குப் பாதிகூட இல்லை. தியேட்டர் கணக்கு பொய்யில்லை. ஃபிலிம் ஓடாத வெறும் திரைக்கு 16 (55 நிட்), டிஜிட்டலுக்கு 14 (48 நிட்) என்பதுதான் அங்கே வழக்கம். ஆனால் அது கதவடைத்த இருட்டு. உங்கள் திடல் அப்படியில்லை.

இன்னொன்று: ஃபுட்-லாம்பர்ட் ப்ரொஜெக்டரின் அளவே அல்ல, திரையிலிருந்து கண்ணுக்கு வரும் ஒளியின் அளவு. எவ்வளவு பெரிய திரையில் 40 என்று சொல்லாத தாளால் பயனில்லை. நீங்களே போட்டுப் பாருங்கள்: லூமனைத் திரையின் சதுர அடியால் வகுத்து, திரையின் கெயினால் (ஒளியைப் பார்ப்பவர் பக்கம் திருப்பும் திறன்) பெருக்க வேண்டும். சாதாரண மேட் வெள்ளைத் திரைக்கு கெயின் 1. 12 அடி அகலத்துக்கு உயரம் 6¾ அடி, ஆக 81 சதுர அடி. 3,000 ÷ 81 = 37. இது புது விளக்குக்கு. விளக்கின் ஆயுள் ‘இத்தனை மணி நேரம்’ என்று போடுவது பெரும்பாலும் வெளிச்சம் பாதியாகும் வரைக்கும்தான். அப்படி உழைத்த விளக்கு என்றால் 18.5 ஃபுட்-லாம்பர்ட், அதாவது 63 நிட்தான் மிஞ்சும்.

காசு கொடுக்கும் முன் கடையிலேயே ஒரு லக்ஸ் மீட்டரால் (பரப்பின்மேல் விழும் ஒளியை அளப்பது) சோதித்துவிடலாம். அறையை இருட்டாக்கி, விளக்கு சூடேற 15 நிமிடம் விட்டு, சுவரில் 1 மீட்டர் அகலம், 56 செ.மீ. உயரத்துக்கு முழு வெள்ளைப் படம் விழச் செய்யுங்கள். அதை ஒன்பது கட்டமாகப் பிரித்து, மீட்டரை ப்ரொஜெக்டரைப் பார்த்தபடி ஒவ்வொரு கட்டத்தின் நடுவிலும் வைத்துச் சராசரி எடுங்கள். 3,000 லூமன் உண்மையானால் 5,300 லக்ஸ் அளவில் காட்டும். 2,600 வந்தால் வெளிச்சம் பாதியாகி விளக்கு விடைபெறும் நேரம் வந்துவிட்டது என்று பேரம் பேசுங்கள். நடுவில் மட்டும் அளந்தால் கூடுதலாகக் காட்டும், ஏமாறாதீர்கள். ஆன்சி முறையில் (இப்படி ஒன்பது இடச் சராசரி எடுக்கும் அமெரிக்கத் தர முறை) அளந்ததா என்ற கேள்விக்குப் பதில் வராத ‘6,000 லூமன்’ குட்டி ப்ரொஜெக்டர்களிடமும் இதே சோதனையைச் செய்யலாம். பெட்டியில் உள்ள எண்ணுக்குப் பக்கத்தில்கூட வராதவை நிறைய.

அதிக லூமனுக்குச் செலவழிப்பதைவிடத் தெருவிளக்கை மறைப்பது லாபம். திரைமீது 20 லக்ஸ் தெருவிளக்கு விழுந்தால், 20 ÷ 3.14 = 6.4 நிட். கறுப்பாகத் தெரிய வேண்டிய இடமெல்லாம் அந்த அளவுக்குச் சாம்பலாகும். 63 நிட் படத்துக்கு வெள்ளை-கறுப்பு விகிதம் வெறும் 11. திரையைத் திருப்பிக் கட்டியோ தார்ப்பாய் போட்டோ அதை 2 லக்ஸாக இறக்கினால் விகிதம் 100.

கேள்வி: மூர் மார்க்கெட் பக்கம் ஃபோட்டோ எடுக்க ஒளி அளக்கும் பழைய வெஸ்டன் லைட் மீட்டர் கிடைத்தது. முள் காட்டுவது ‘சதுர அடிக்கு இத்தனை கேண்டில்’. இதுவும் ஃபுட்-லாம்பர்ட்டும் ஒன்றுதானே?
— வாசகி, ராயபுரம்

பதில்: இல்லை. அடி என்ற சொல் இரண்டிலும் இருப்பதால் வரும் குழப்பம் இது. நிட், ஸ்டில்ப் (10,000 நிட்), சதுர அடிக்குக் கேண்டில் (10.76 நிட்) மூன்றும் பரப்புக்கு இத்தனை கேண்டெலா (ஒளிச்செறிவின் அலகு) என்று நேராகச் சொல்பவை. லாம்பர்ட் (3,183 நிட்), ஃபுட்-லாம்பர்ட், அபோஸ்டில்ப் (0.318 நிட்) மூன்றிலும் ஒரு ‘பை’, அதாவது 3.14, உள்ளேயே வகுபட்டிருக்கிறது. இரண்டு கூட்டத்தையும் கலந்தால் விடை மூன்று மடங்கு பிசகும். ஃபோட்டோவில் அது ஒன்றரை ஸ்டாப்புக்கும் மேல் (ஒரு ஸ்டாப் என்பது ஒளி இரு மடங்காவது அல்லது பாதியாவது).

மீட்டருக்கு பேட்டரி கிடையாது, ஒளி பட்டால் தானே மின்சாரம் தரும் செலினியம் செல்தான். வருடங்களாலும் ஈரத்தாலும் அது சோர்ந்துபோகும். செல்லை முழுதாக மூடுங்கள். முள் பூஜ்யத்துக்கு வர வேண்டும். பிறகு மேகமில்லாத உச்சி வெயிலில், 18 சதவீதச் சாம்பல் அட்டையை வெயிலை நோக்கிப் பிடித்து, நிழல் விழாமல் அளந்து பாருங்கள். ஏறத்தாழ ஒரு லட்சம் லக்ஸ் வெயிலுக்கு 500 சொச்சம் காட்ட வேண்டும். 250 என்றால் ஒரு ஸ்டாப் குறைவு. அது மாறாத குறைவாக இருந்தால் மீட்டரில் ஃபிலிம் வேகத்தை (ஒளியுணர்வு எண்) மாற்றிவைத்துச் சமாளிக்கலாம். நிழலில் ஒரு மாதிரி, வெயிலில் ஒரு மாதிரி பிசகினால் அலங்காரத்துக்குத்தான் ஆகும்.

கேள்வி: கண் மருத்துவமனைக்குப் பழைய பார்வைப்புலச் சோதனைக் கருவி வாங்குகிறோம். நோயாளி பார்க்கும் கிண்ணத்தின் பின்னணி வெளிச்சம் ‘31.5 ஏ.எஸ்.பி.’ என்று அச்சாகிறது. இது சரியான அளவா?
— பழைய வண்ணாரப்பேட்டை

பதில்: ஏ.எஸ்.பி. என்றால் அபோஸ்டில்ப். 31.5 ÷ 3.14 = 10 நிட்; சரியான அளவுதான். கேட்க வேண்டியது வேறு: 0 டெசிபல், அதாவது கருவி காட்டும் மிகப் பிரகாசமான ஒளிப்புள்ளி, எத்தனை அபோஸ்டில்ப்? சில கருவிகளில் 10,000, சிலவற்றில் 1,000. 100 அபோஸ்டில்ப் புள்ளியை முதல் வகை 20 டெசிபல் என்றும், இரண்டாவது 10 என்றும் எழுதும். ஒரு வகையில் எடுத்த நோயாளியின் பழைய அறிக்கையை மற்ற வகையில் எடுத்த புதியதோடு ஒப்பிட்டால் இல்லாத நோய் தெரியும். அந்த எண் உள்ள கையேட்டுப் பக்கத்தை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். கிண்ணத்தின் உட்பூச்சு மஞ்சளாகியிருந்தால் பின்னணியை நிட் மீட்டரால் அளந்து 10 வருகிறதா பாருங்கள். லக்ஸ் மீட்டர் இதற்கு உதவாது.