ஐந்து தளங்கள், ஒரு சாட்சி

அன்புள்ள ஐயா,

என் மகள் பாடசாலை ஒப்படைக்காக, ஆங்கிலேயரை எதிர்த்த வன்னிச் சிற்றரசன் பண்டாரவன்னியனைப் பற்றி எழுதுகிறாள். 1803 ஒக்டோபர் 31 அன்று கற்சிலைமடுவில் அவன் போரிட்டு மாண்டான் என்று ஐந்து இணையத்தளங்கள் சொல்கின்றன. ஐந்தும் ஒன்றையே சொல்வதால் நம்பலாம் என்கிறாள். ஆசிரியையோ ஆதாரம் கேட்கிறார். எப்படி முடிவெடுப்பது?

ஒரு தாய், ஒட்டுசுட்டான்

அன்புள்ள சகோதரிக்கு,

நீங்கள் அனுப்பிய ஐந்து இணைப்புகளையும் வாசித்தேன். மூன்றில் ஆங்கிலத் தளபதியின் பெயர் ஒரே எழுத்துப்பிழையோடு இருக்கிறது. மற்ற இரண்டிலும் ஒரு வசனம் ஒரே சொல்லில் அறுந்து நிற்கிறது. சரியான செய்தியை ஐந்து பேர் தனித்தனியே எழுதலாம், ஒரே பிழையை அப்படி எழுதுவது அரிது. ஒரு துருசிலிருந்து ஐந்து வாய்க்கால் பிரிந்தாலும் குளம் ஒன்றுதான் என்பதை வயல் செய்கிற உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

ஆகவே குளத்தைத் தேடுவோம். கற்சிலைமடுவில் ஆங்கிலேயர் நாட்டிய கல்லில், இவ்விடத்துக்கு அண்மையில் கப்டன் வொன் டிரிபேர்க் பண்டாரவன்னியனைத் தோற்கடித்தார் என்பதும் அந்தத் திகதியுமே ஆங்கிலத்தில் பொறிக்கப்பட்டிருந்தன. சாவைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. கல் வென்றவர்களின் சாட்சிதான். அதையும் அப்படியே விழுங்கக்கூடாது. ஆனால் முல்லைத்தீவுக் கோட்டையைத் தங்களிடமிருந்து பறித்தவனைக் கொன்றிருந்தால், அந்தப் பெருமையை வெட்டாமல் விட்டிருப்பார்களா? ‘தோற்கடித்தார்’ என்பது கைமாறிக் கைமாறிக் ‘கொன்றார்’ ஆகியிருக்க வேண்டும் என்றே நினைக்கிறேன்.

இதில் நானும் குற்றவாளிதான். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மேடையில் அவன் அன்றே வீழ்ந்தான் என்று உருக்கமாகப் பேசி இறங்கியபோது, முன்வரிசைப் பெரியவர் ஒருவர், “தம்பி, கல்லிலை அப்பிடியே கிடந்தது?” என்று மெதுவாகக் கேட்டார். நான் இணையத்தில் பார்த்ததாகச் சொன்னேன். அவர் சிரித்துவிட்டு வெற்றிலையை மடித்தார்.

தளத்தின் அழகையோ பகிர்ந்தவர் தொகையையோ பார்க்க வேண்டாம். எழுதியவர் யார், அவருக்கு இது எங்கிருந்து தெரியும் என்பதை மகள் பார்க்கட்டும். ஜே. பி. லூயிஸ் 1895இல் வெளியிட்ட வன்னி மாவட்டங்களின் கையேடு இணையத்திலேயே வாசிக்கக் கிடைக்கிறது. ஆசிரியையின் உதவியோடு அதைப் புரட்டலாம். அதுவரை ஒப்படையில் ‘மாண்டான்’ என்பதை வெட்டிவிட்டுத் ‘தோற்கடிக்கப்பட்டான்’ என்று எழுதி, பக்கத்தில் கல்லைச் சான்றாகக் காட்டச் சொல்லுங்கள்.