ஒரு பக்கம் விடுகிறது, மறுபக்கம் பிடிக்கிறது: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: எங்கள் பிக்கப்பின் டெயில்கேட்டில் (பின்கதவில்) நடுவில் ஒரே கைப்பிடி. இழுத்தால் இடப்பக்கம் விடுகிறது, வலப்பக்கம் விடுவதில்லை. இரண்டு லாட்ச்சையும் மாற்றச் சொல்கிறார் மெக்கானிக். மாற்றலாமா? (வாசகர், பொள்ளாச்சி)

பதில்: பர்ஸை உள்ளே வையுங்கள். இந்தக் கோளாறில் பெரும்பாலும் பழுது ராடில்தான், லாட்ச்சில் இல்லை.

கைப்பிடிக்குப் பின்னாலிருந்து ஒவ்வொரு பக்கத்து லாட்ச்சுக்கும் ஒரு ராடு போகிறது. லாட்ச்சுக்குள் ஒரு கொக்கி, ஒரு நாக்கு. பாடியில் இருக்கும் ஸ்ட்ரைக்கர் என்ற கம்பியைக் கொக்கி கவ்வும். கொக்கி திரும்பிவிடாமல் நாக்கு அதன் பல்லில் விழுந்து நிற்கும். ராடு இழுப்பது இந்த நாக்கைத்தான். கைப்பிடியின் ஓட்டம் கொஞ்சம்தான் என்பதால், ஒரு ராடு மட்டும் தொளதொளத்தால் அந்தத் தொய்வை எடுப்பதிலேயே இழுப்பு தீர்ந்துவிடும், நாக்கு பாதியில் நின்றுவிடும்.

திறக்காத கேட்டை முதலில் திறக்க வேண்டுமே! ஒருவர் வெளியே நின்று கேட்டை உள்பக்கம் அழுத்திப் பிடிக்கட்டும், இன்னொருவர் கைப்பிடியை இழுக்கட்டும். சரக்கு சாய்ந்து கிடந்தால் முதலில் அதை நகர்த்துங்கள். அந்தப் பாரமே நாக்கை இறுக்கிப் பிடித்திருக்கும். அப்படியும் வரவில்லையென்றால், பல வண்டிகளில் கேட்டின் உள்முகத்தில் மூடித்தகடு ஒன்று உண்டு. தொட்டிக்குள் ஏறி அதைக் கழற்றி, பிடிவாதம் பிடிக்கும் பக்கத்து ராடைக் கையால் நடுவை நோக்கி இழுத்தால் பெரும்பாலும் விட்டுவிடும்.

கேட் திறந்ததும், ஸ்க்ரூ டிரைவரால் இரண்டு கொக்கிகளையும் மூடிய நிலைக்குத் தள்ளுங்கள். இரண்டு 'கிளிக்' கேட்க வேண்டும். ஒன்றோடு நின்றால் அது அரைப்பூட்டு. இப்போது கைப்பிடியை மெதுவாக இழுத்து, எந்தக் கொக்கி பிந்துகிறது என்று பாருங்கள். பிந்தும் பக்கத்தில் ராடு முனையைப் பிடிக்கும் பிளாஸ்டிக் கிளிப் வெயிலில் வெடித்திருக்கும், அல்லது துளை நீள்வட்டமாகத் தேய்ந்திருக்கும். கிளிப்பை மாற்றினாலே பாதி வேலை முடிந்தது. கட்டுக்கம்பி சுற்றுவது வீடு போய்ச் சேரும் வரைக்கும்தான்.

ராடு முனையில் மரை இருந்தால் நீளத்தைச் சரிசெய்யலாம். சுத்தமாக இறுக்கிவிடாதீர்கள், ஒரு மி.மீ. அளவு தளர்வு இருக்கட்டும். அதுவும் இல்லாவிட்டால் நாக்கு பல்லில் முழுதாக உட்காராது. பள்ளத்தில் வண்டி குதிக்கும்போது கேட் தானாகத் திறந்துகொள்ளும். இப்போதைய கோளாறைவிட அது மோசம்.

சோதனை முடிந்ததும் இரண்டு கொக்கிகளும் திறந்திருக்கின்றனவா என்று பார்த்துவிட்டுத்தான் கேட்டை மூட வேண்டும். மூடிய கொக்கி ஸ்ட்ரைக்கரில் மோதினால் அப்போதுதான் உண்மையிலேயே லாட்ச் வாங்க வேண்டிவரும்.

கேள்வி: என் காரின் பானெட்டில் இரண்டு லாட்ச். லீவரை இழுத்தால் ஒரு மூலை மட்டும் எழும்புகிறது. (வாசகி, திருச்சி)

பதில்: லீவரிலிருந்து வரும் கேபிள் முதல் லாட்ச்சுக்குப் போய், அங்கிருந்து இன்னொரு கேபிள் அடுத்ததற்குப் போகும் அமைப்பு பரவலாக உண்டு. உங்கள் காரும் அந்த வகை என்றால், இரண்டாவது கேபிள் நீண்டிருக்கிறதா, அதன் வெளியுறை கிளிப்பை விட்டு நழுவியிருக்கிறதா என்று பாருங்கள். இரண்டும் சரியாக இருந்தால் அந்த மூலையில் பானெட் வந்து உட்காரும் ரப்பர் ஸ்டாப்பரைக் கவனியுங்கள். அதை அதிகம் மேலே திருகி வைத்திருந்தால் பானெட்டை ஓங்கி அறைந்துதான் மூட வேண்டியிருக்கும், நாக்கும் இறுகிக்கொள்ளும். அதிகம் இறக்கினால் கடகடக்கும். அரைச் சுற்று திருகி மூடிப் பாருங்கள், தேவைப்பட்டால் இன்னும் அரைச் சுற்று.

லாட்ச் இரண்டு இருப்பதால் விரலால் தள்ளி விடுவிக்கும் பாதுகாப்புக் கொக்கி வேண்டாம் என்று சிலர் கழற்றிவிடுகிறார்கள். ஒரே லீவரில் இரண்டு லாட்ச்சும் சேர்ந்தே விடுபடும் என்பதை மறந்துவிடுகிறார்கள். எழும்பினால் ஓட்டுநரின் பார்வையை மறைக்கக்கூடிய, முன்பக்கம் திறக்கும் பானெட்டுக்கு இரண்டாவது பிடிப்பு கட்டாயம் என்கிறது அமெரிக்காவின் எஃப்.எம்.வி.எஸ்.எஸ். 113 என்ற வாகனப் பாதுகாப்பு விதி.

கேள்வி: லாட்ச்சுக்கு எந்த எண்ணெய் விடலாம்? (வாசகர், நாமக்கல்)

பதில்: துருநீக்கி ஸ்ப்ரே அடித்து அழுக்கைக் கழுவுங்கள், காய்ந்ததும் வெள்ளை லித்தியம் கிரீஸை மெல்லியதாகத் தடவுங்கள். ஸ்ப்ரேயோடு நிறுத்தினால் சில வாரங்களில் பழைய கதைதான். அப்பிய கிரீஸ் புழுதியைப் பிடித்து மாவாகிவிடும். டெயில்கேட்டின் அடிவிளிம்பில் தண்ணீர் வடியும் துளைகளையும் ஒரு கம்பியால் குத்தி விடுங்கள்.