விலங்கியல் கேட்கும் மகள்: ஒரு அப்பாவுக்குப் பதில்

அண்ணாச்சி, "மக பரிணாமம்தான் படிப்பேன்னு நிக்கா. குரங்குல இருந்து மனுசன் வந்த கதைக்கு எவன் சம்பளம் குடுப்பான்?" என்று கேட்டிருக்கிறீர்கள். நியாயமான கேள்விதான்.

முதலில் ஒன்று. டார்வின் சொன்னது, குரங்கு நமக்குப் பங்காளி முறை என்று. தாத்தா முறை இல்லை.

1859இல் வந்த அவருடைய புத்தகம் வளர்ப்புப் புறாவிலும் பயிரிலும்தான் தொடங்குகிறது. உங்கள் வயலில் போடும் அம்பை 16 எப்படி வந்தது? அம்பாசமுத்திரத்து நெல் ஆராய்ச்சி நிலையத்தில் ரகங்களைக் கலப்புச் செய்து, நல்லதைப் பொறுக்கி எடுத்து வந்தது. அந்தப் பொறுக்குகிற வேலையை இயற்கையே செய்கிறது என்றார் டார்வின். மருந்துக்குத் தப்பிய பூச்சி பெருகி, அடுத்த போகத்தில் அதே மருந்து வேலை செய்யாமல் போகிறதே, அது இதுதான். ஆஸ்பத்திரியில் ஆன்டிபயாடிக் கேட்காத கிருமியும் இதே கணக்கு.

இந்த யோசனை விலங்கியலோடு நிற்கவில்லை. 1973இல் மேனார்ட் ஸ்மித், பிரைஸ் என்ற இரண்டு ஆய்வாளர்கள் விலங்குச் சண்டையை விளையாட்டுக் கோட்பாட்டால், அதாவது எதிராளி என்ன செய்வான் என்று பார்த்து நம் நடையை முடிவு செய்யும் கணக்கால், விளக்கினார்கள். பொருளாதாரக்காரர்கள் அதைப் பிடித்துக்கொண்டார்கள். 1975இல் ஜான் ஹாலந்து கம்ப்யூட்டருக்குள்ளேயே விடைகளைப் பெருக்கி, மாற்றி, தேறியதை வைத்துக்கொள்ளும் முறையைப் புத்தகமாக எழுதினார். ஒரே மூலத்திலிருந்து பல கிளைகள் பிரிந்தன என்கிற குடும்ப மரப் பார்வை மொழியியலில் டார்வினுக்கு முன்பே உண்டு. நம் இடையன்குடி கால்டுவெல் திராவிட மொழிகளை ஒரே குடும்பமாக வைத்து எழுதியது 1856இல்!

சரி, சம்பளம். வெறும் பி.எஸ்சி. விலங்கியலோடு நின்றால் கஷ்டம்தான், மறைக்கவில்லை. ஐசர் (மத்திய அரசின் அறிவியல் கல்வி, ஆராய்ச்சி நிறுவனம்) நுழைவுத் தேர்வை எழுதச் சொல்லுங்கள். ஐந்து வருடப் படிப்பு. திருவனந்தபுரம் ஐசர் விதுராவில்தான், நம் பொதிகை மலைக்கு அந்தப் பக்கம். கிடைக்காவிட்டால் பாளையங்கோட்டையிலேயே பி.எஸ்சி. சேரட்டும், கூடவே புள்ளியியலும் பைத்தான் என்கிற கம்ப்யூட்டர் மொழியும் பழகினால், அப்புறம் எம்.எஸ்சி.யில் உயிர்த்தகவலியல் பக்கம், அதாவது உயிரியல் தரவைக் கம்ப்யூட்டரில் அலசும் படிப்புப் பக்கம், போகலாம். மரபணுத் தரவை அலசத் தெரிந்தவர்களுக்கு மருந்துக் கம்பெனிகளிலும் ஆய்வுக்கூடங்களிலும் வேலை உண்டு.

அவள் கணக்கு-உயிரியல் குரூப்தானே? பரீட்சை முடிந்ததும் அந்தக் கணக்குப் புத்தகத்தை மட்டும் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடாதீர்கள்.