சுளகும் கேள்வித்தாளும்

வணக்கம்.

என் அம்மாவுக்கு 58 வயது. முப்பது வருடமாகப் பீடி சுற்றுகிறார். இரண்டு முட்டும் தேய்ந்துவிட்டது. சிகிச்சைக்குப் போன இடத்தில், புது மருந்து ஒன்றின் ஆய்வில் சேர்கிறீர்களா என்று கேட்டிருக்கிறார்கள். "வலி பத்துக்கு எத்தனை?" என்றதற்கு அம்மா "உசுரு போவுது" என்றார். கேட்ட பெண் 8 என்று எழுதிக்கொண்டார். சித்தியோ, "ஒன்ன வச்சு சோதன பண்ணப் போறாவ, போவாத" என்கிறார். இந்த ஆய்வுகளை நம்பலாமா?

செ., முக்கூடல்

அன்புள்ள செ.,

அந்த 8 என்னை ரொம்ப நேரம் விடவில்லை. உங்கள் அம்மா சொன்னதற்கும் தாளில் ஏறியதற்கும் நடுவில் எவ்வளவோ தொலைந்துபோயிருக்கிறது. மூட்டுவலி ஆய்வுகள் தடுமாறுவது பெரும்பாலும் அங்கேதான்.

மூட்டுத் தேய்மான ஆய்வுகளில் உலகம் முழுக்கப் புழங்கும் கேள்வித்தாள் ஒன்று உண்டு. வோமேக் என்பார்கள். கனடாவில் உருவானது. வலிக்கு 5, விறைப்புக்கு 2, அன்றாட வேலைகளுக்கு 17, ஆக 24 கேள்விகள். காலுறை போடுவது, கழற்றுவது, காரில் ஏறி இறங்குவது, குளியல் தொட்டிக்குள் இறங்குவது எல்லாம் அதில் வரும். உங்கள் அம்மா என்றைக்காவது காலுறை போட்டிருப்பாரா? சம்மணம் போட்டு, சுளகை மடியில் வைத்து, இலையை வெட்டித் தூளை நிரப்பி நூலைச் சுற்றுகிறார். கட்டு சேர்ந்ததும் கடைக்குக் கொண்டுபோக, ஒரு கையைத் தரையில் ஊன்றி, இன்னொரு கையால் சுவரைப் பிடித்து எழுந்திருக்கிறார். அந்த எழுந்திருப்பில்தானே அவருடைய நோய் முழுக்க இருக்கிறது? அதைச் சரியாகக் கேட்காத ஆய்வில், மருந்து வேலை செய்தாலும் தெரியாது, செய்யாவிட்டாலும் தெரியாது. நம் ஊர் வாழ்க்கைக்கு ஏற்ப அந்தத் தாளை மாற்றும் வேலையைப் புனே மருத்துவர்கள் செய்திருக்கிறார்கள். தமிழில் மொழிபெயர்த்தால் மட்டும் போதாது, கேள்வியே மாற வேண்டும்.

நோயாளியைக் கேட்டால் என்ன கிடைக்கும் என்பதற்கு ஒரு சம்பவம் சொல்கிறேன். முடக்குவாதம் என்ற இன்னொரு மூட்டு நோயின் ஆய்வுகளில் எதை அளப்பது என்று ஒத்துப்போவதற்காக, 1992இல் நெதர்லாந்தின் மாஸ்ட்ரிக்ட் நகரில் ஆய்வாளர்கள் கூடினார்கள். ஓமெராக்ட் என்ற அமைப்பு அப்படித்தான் தொடங்கியது. வீங்கிய மூட்டு எத்தனை, தொட்டால் வலிக்கும் மூட்டு எத்தனை என்று எண்ணினார்கள். 2002இல்தான் நோயாளிகளையும் கூட்டத்துக்கு அழைத்தார்கள். வந்தவர்கள் சொன்னது அசதி. வலியைப் போலவே அசதியும் எங்களைச் சாய்க்கிறது, அதை ஏன் நீங்கள் கேட்பதே இல்லை என்றார்கள். அதற்குப் பிறகுதான் அசதியும் கணக்கில் வந்தது. பத்து வருடம் பெரிய படிப்பாளிகள் கண்ணில் படாதது அது.

சித்தியின் பயத்துக்கு வருகிறேன். சோதனை பண்ணாத மருந்தைத்தான் நாம் அதிகம் பயப்பட வேண்டும். முட்டுவலி ஏறி இறங்கும் நோய். தாங்க முடியாத நாளில்தான் வைத்தியரிடம் போகிறோம், பத்து நாளில் அது தானாகவே கொஞ்சம் இறங்கும். தேய்த்த எண்ணெய்க்குப் பேர் கிடைத்துவிடும். அமெரிக்காவின் ஹூஸ்டனில் 180 பேரைக் குலுக்கல் முறையில் பிரித்து ஓர் ஆய்வு செய்தார்கள், 2002இல் முடிவு வந்தது. சிலருக்கு முட்டுக்குள் குழாய் விட்டுச் சுத்தம் செய்தார்கள். சிலருக்குத் தோலை மட்டும் கீறித் தைத்தார்கள். யாருக்கு எது என்று நோயாளிகளுக்குத் தெரியாது. இரண்டு வருடம் கழித்துப் பார்த்தால் வலியில் வித்தியாசமே இல்லை! ஒப்பிட்டுப் பார்க்காமல் இருந்திருந்தால் அந்த அறுவைக்குத்தான் பேர் கிடைத்திருக்கும்.

சரி, நல்ல ஆய்வு என்று எப்படிக் கண்டுபிடிப்பது? முதலில், இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டில் பதிந்த எண்ணைக் கேளுங்கள். 2009 ஜூன் முதல் அது கட்டாயம். எதை அளக்கப்போகிறோம் என்று ஆரம்பத்திலேயே எழுதிவைத்தால், பிறகு வசதியான முடிவைப் பொறுக்கி எடுப்பது கஷ்டம். ஒப்புதல் படிவம் தமிழில் இருக்கிறதா, நகல் தருவார்களா, ஆய்வால் உடம்புக்குக் கெடுதல் வந்தால் சிகிச்சைச் செலவை ஏற்பார்களா என்றும் கேளுங்கள். மருந்து ஆய்வுகளுக்கான 2019 விதிகள் அதைக் கேட்கும் உரிமையை அம்மாவுக்குத் தந்திருக்கின்றன. எந்த நாளிலும் விலகலாம் என்பதையும் அவரிடம் சொல்லிவையுங்கள்.

அப்புறம், நடுவில் நின்றுபோகிறவர்களை எப்படிக் கணக்கில் எடுப்பார்கள் என்று விசாரியுங்கள். நம் பக்கத்தில் கோயில் கொடை வந்தால் ஒரு வாரம் யாரும் ஆஸ்பத்திரிப் பக்கம் போகமாட்டார்கள். வயிறு எரிகிறது என்று சொல்லாமலே மாத்திரையை நிறுத்தியவர்களும் இருப்பார்கள். கடைசிவரை வந்தவர்களை மட்டும் எண்ணினால் எந்த மருந்தும் நல்ல மருந்தாகத்தான் தெரியும். வராதவர்களின் வீட்டுக்கு ஆள் போய் ஏன் வரவில்லை என்று கேட்கிற ஆய்வை நான் நம்புவேன்.

கல்லிடைக்குறிச்சியில் என் ஆச்சி ஆற்றுக்குக் குளிக்கப் போவதை ஒருநாள் நிறுத்திவிட்டார். தண்ணி குளிராக இருக்கிறது என்றார், நாங்களும் நம்பினோம். படித்துறையின் கடைசி இரண்டு படியில் முட்டை மடக்க முடியவில்லை என்பது ஒரு வருடம் கழித்துத்தான் தெரிந்தது. வலி எத்தனை என்று கேட்டிருந்தால் "ஒண்ணுமில்ல" என்றுதான் சொல்லியிருப்பார்.

அடுத்த முறை போகும்போது, எது முடிந்தால் போதும் என்று நினைக்கிறீர்கள் என்று அம்மாவிடம் கேட்டு, அவர் சொல்வதை அப்படியே ஒரு தாளில் எழுதி அந்தப் பெண்ணிடம் கொடுங்கள். என்ன சொன்னார் என்று எனக்கும் எழுதுங்கள்.