இசையமைப்பாளர் கிரீக்கைப் பார்த்தால் ஐன்ஸ்டைன் நினைவுக்கு வருவது ஏன்?

மேற்கத்திய செவ்வியல் இசையமைப்பாளர்கள் சிலர் வேறு பிரபலங்களை அப்படியே உரித்துவைத்தாற்போல் இருப்பது ஏன் என்று கேட்டிருக்கிறீர்கள். முக்கால்வாசிக் காரணம் முடிதான்.

நார்வேயின் எட்வர்ட் கிரீக்கின் முதுமைக் காலப் புகைப்படத்தைப் பாருங்கள். பின்னோக்கிப் பறக்கும் வெள்ளை முடி, மேலுதட்டை மூடிய அடர்ந்த மீசை. அசல் ஐன்ஸ்டைன்! அமெரிக்க எழுத்தாளர் மார்க் ட்வைனும் அதே சாயல்தான். இத்தனைக்கும் கிரீக் 1907இல் இறந்தபோது ஐன்ஸ்டைன் 28 வயது கருமுடி இளைஞர்.

எனக்கு மிகவும் பிடித்தவர் ஜெர்மானிய இசையமைப்பாளர் பிராம்ஸ். இருபது வயதில் மழுமழு முகம். 1878இல் தாடி வளர்த்தார், பிற்காலப் படங்களில் கார்ல் மார்க்ஸின் தம்பி போலவே ஆகிவிட்டார். பெருந்தாடி வாயையும் தாடையையும் மறைத்துவிட்டால் அடையாளம் காண நெற்றியும் கண்ணும் மூக்கும்தானே மிஞ்சும்?

18ஆம் நூற்றாண்டு இசையமைப்பாளர்கள் பாக், ஹாண்டல் இருவரில் யார் யாரென்று படத்தில் குழம்புவதற்குக் காரணம் அக்காலப் பொய்முடி.