ஜாக்கி ஜோடியா, நாலு ஆட்டினா? வீடியோ போக்கர் கேள்வி–பதில்

கே: லாஸ் வேகாஸ் போகிறேன். வீடியோ போக்கர் மெஷின் எல்லாம் ஒன்றுபோலவே தெரிகிறதே, எதில் உட்காருவது?

ப: மெஷின் ஐந்து சீட்டுத் தரும்; வேண்டியதை வைத்துக்கொண்டு மற்றதை ஒருமுறை மாற்றலாம், கடைசியில் சேர்ந்த கைக்குப் பரிசு. திரையில் உள்ள பரிசுப் பட்டியலில் இரண்டு வரி பார்த்தால் போதும்: ஃபுல் ஹவுஸ் (மூன்று ஒரே எண்ணோடு ஒரு ஜோடி), ஃப்ளஷ் (ஐந்தும் ஒரே இனம்). ‘ஜாக்ஸ் ஆர் பெட்டர்’ (ஜாக்கி ஜோடியிலிருந்து பரிசு தொடங்கும்) ஆட்டத்தில் ஒரு காயினுக்கு அவை 9, 6 என்றிருந்தால், ஐந்து காயின் வைத்துப் பிழையின்றி ஆடுபவருக்கு நீண்டகாலக் கணக்கில் 99.54 சதவீதம் திரும்பும். 8, 5 என்றால் 97.30, 6, 5 என்றால் 95. 25 சென்ட் மெஷினில் ஐந்து காயின் வீதம் மணிக்கு 600 ஆட்டம் ஆடினால் 750 டாலர் உள்ளே போய் வரும். அதில் சராசரி இழப்பு 9/6-இல் சுமார் மூன்றரை டாலர், 8/5-இல் 20, 6/5-இல் 37.50. எவ்வளவு நன்றாக ஆடினாலும் 6/5 மெஷினில் அந்த வித்தியாசத்தை மீட்க முடியாது. பக்கத்துப் பக்கத்து மெஷினிலேயே பட்டியல் மாறும், ஒவ்வொன்றையும் படியுங்கள்.

கே: எந்தச் சீட்டை வைப்பது, எதை விடுவது? மனப்பாடம் செய்ய ஒரு வரிசை உண்டா?

ப: உண்டு. மேலிருந்து பாருங்கள், முதலில் பொருந்துவதை வைத்துக்கொள்ளுங்கள். நாலு ஒரே எண், ஸ்ட்ரெய்ட் ஃப்ளஷ் (ஒரே இனத்தில் வரிசையாக ஐந்து), ராயல் ஃப்ளஷ் (ஒரே இனத்தில் பத்து முதல் ஏஸ் வரை) வந்தால் தொடவே கூடாது. அடுத்தது ராயலுக்கு நாலு சீட்டு, அதாவது ராயலின் ஐந்தில் நாலு கையில் இருப்பது. இதற்காகக் கையிலிருக்கும் ஃப்ளஷையும் ஸ்ட்ரெய்ட்டையும் (இனம் கலந்து வரிசையாக ஐந்து) உடைக்கலாம். பிறகு ஃபுல் ஹவுஸ், ஃப்ளஷ், ஸ்ட்ரெய்ட், மூன்று ஒரே எண், ஸ்ட்ரெய்ட் ஃப்ளஷுக்கு நாலு, இரண்டு ஜோடி, பெரிய ஜோடி (ஜாக்கி முதல் ஏஸ் வரை), ராயலுக்கு மூன்று, ஃப்ளஷுக்கு நாலு, சின்ன ஜோடி, இரு முனையும் திறந்த ஸ்ட்ரெய்ட்டுக்கு நாலு, ஒரே இனத்தில் இரண்டு பெரிய சீட்டு, ஸ்ட்ரெய்ட் ஃப்ளஷுக்கு மூன்று, வேறு வேறு இனத்தில் இரண்டு பெரிய சீட்டு (இரண்டுக்கு மேல் இருந்தால் சின்ன இரண்டு), ஒரே இனத்தில் பத்தோடு ஜாக்கி, ராணி அல்லது ராஜா, ஒற்றைப் பெரிய சீட்டு. எதுவும் இல்லையா, ஐந்தையும் விடுங்கள். இந்தச் சுருக்க வரிசை முழுக் கணக்கைவிட 0.08 சதவீதம்தான் குறைவு.

தடுமாறும் இடம் இது: ஆட்டின் (ஹார்ட்) ஜாக்கி, ஸ்பேடு ஜாக்கி, ஆட்டினில் 8, 5, 3. நாலு ஆட்டினை வைத்தால் மிச்சமுள்ள 47 சீட்டில் 9 ஃப்ளஷ் தரும், 2 ஜாக்கி போட்ட காசைத் தரும்: (9×6 + 2) ÷ 47 = 1.19, அதாவது போட்ட ஒரு காயினுக்குச் சராசரியாகத் திரும்புவது. ஜோடியை வைத்தால் 1.54. ஆகவே ஜோடிதான். ஜோடி ஜாக்கியாக இல்லாமல் 8 ஆக இருந்திருந்தால் கதை தலைகீழ். சின்ன ஜோடியின் மதிப்பு 0.82தான், ஃப்ளஷை நோக்கிப் போக வேண்டும். வரிசைக்கு ஒரு விலக்கும் உண்டு: பத்து ஜோடியோடு ஜாக்கி, ராணி, ராஜா வந்தால் ஒரு பத்தை விட்டுவிடுங்கள். ஸ்ட்ரெய்ட்டின் கணக்கு 41 ÷ 47 = 0.87, சின்ன ஜோடியின் 0.82-ஐவிட அதிகம்.

கே: ரம்மி நன்றாக வரும். இதற்கு உதவுமா?

ப: ஒரு வகையில் கெடுக்கும்! 4, 5, 7, 8 கையில் இருந்தால் ரம்மிக்காரர் மனம் 6-க்கு ஏங்கும். இங்கே நாலே சீட்டு உதவும், ஒவ்வொன்றும் நாலு மடங்கு தரும்: 16 ÷ 47 = 0.34. ஐந்தையும் விட்டால் 0.36.

கே: ஜோடியோடு ஏஸையும் வைத்துக்கொண்டால் பாதுகாப்பு அல்லவா?

ப: மேசைப் போக்கரில் எதிராளி இருப்பதால் வந்த பழக்கம் அது. மெஷினுக்கு ஏஸ் துணை இருப்பது தெரியாது. மூன்று சீட்டு வாங்கினால் நாலு ஒரே எண் சேர 360-க்கு ஒன்று; ஏஸையும் வைத்து இரண்டு வாங்கினால் 1081-க்கு ஒன்று.

கே: ஐந்து காயின் கட்டாயமா?

ப: ராயலுக்கு ஒரு காயினில் 250 கிடைக்கும். ஐந்து போட்டால் 1250 அல்ல, 4000. கையிருப்பு குறைவென்றால் ஒரு டாலர் மெஷினில் ஒற்றைக் காயின் போடுவதைவிட 25 சென்ட் மெஷினில் ஐந்து போடுங்கள், பட்டியல் 9/6 ஆக இருந்தால். ராயல் ஏறக்குறைய 40,000 ஆட்டத்துக்கு ஒருமுறை. திரும்பும் மொத்தத்தில் இரண்டு சதவீதம் அதிலிருந்தே வருகிறது. அது வராத நாட்களில், அதாவது பெரும்பாலான நாட்களில், மேலே சொன்ன மூன்றரை டாலரைவிடக் கூடுதலாகவே போகும்.

கே: ரொம்ப நேரமாகக் கொடுக்காத மெஷின் கொடுக்கத்தானே வேண்டும்?

ப: வேண்டியதில்லை. நெவாடா விதிப்படி திரையில் சீட்டுக் காட்டும் மெஷின், நிஜச் சீட்டுக்கட்டில் உள்ள அதே வாய்ப்பில்தான் சீட்டுத் தர வேண்டும். ஒவ்வொரு ஆட்டமும் புதுக் கட்டு.

கே: எப்படிப் பழகுவது?

ப: தவறான ஹோல்டை (வைத்துக்கொண்ட சீட்டை) உடனே சுட்டிக்காட்டும் பயிற்சி மென்பொருளில், பரிசுப் பட்டியலை 9/6 என்று வைத்துப் பழகுங்கள். வேகம் வேண்டாம். தவறிய கைகளை மட்டும் எழுதி, மறுநாள் அவற்றிலிருந்து தொடங்குங்கள். கசினோவில் வரிசைத் தாளைப் பார்த்து ஆடப் பொதுவாக ஆட்சேபிப்பதில்லை. இங்கே இந்தியாவில் ஃபோனில் பணம் கட்டிப் பழக நினைக்காதீர்கள். பணம் வைத்து ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளை 2025-இல் வந்த மத்தியச் சட்டம் தடைசெய்துள்ளது.

கே: இதே வரிசை ‘டியூசஸ் வைல்ட்’ (2 எல்லாம் ஜோக்கர்) ஆட்டத்துக்கும் பொருந்துமா?

ப: பொருந்தாது. அங்கே பரிசு மூன்று ஒரே எண்ணில்தான் தொடங்கும். ஒற்றை ஜாக்கிக்கு மதிப்பே இல்லை. அதற்குத் தனி வரிசை படிக்க வேண்டும்.