மஃரிபில் கடைசி ரக்அத்தில் சேர்ந்தால்

வஅலைக்கும் ஸலாம் சகோதரரே. மஃரிப் ஜமாஅத்தில் (சூரியன் மறைந்ததும் நடக்கும் கூட்டுத் தொழுகையில்) மூன்றாவது, அதாவது கடைசி ரக்அத்தின் (தொழுகையின் ஒரு சுற்றின்) ருகூஃவில் (குனியும் நிலையில்) சேர்ந்தால் மீதியை எப்படித் தொழுவது என்று கேட்டிருந்தீர்கள்.

முதல் தக்பீரை (தொழுகையைத் தொடங்கும் ‘அல்லாஹு அக்பர்’) நிமிர்ந்து நின்று சொல்லி முடித்த பிறகே குனியுங்கள். ஓடிவந்து குனிந்தபடியே சொன்னால் தொழுகையே சேராது. பலர் சறுக்குவது இங்கேதான். இமாம் (தொழுகை நடத்துபவர்) நிமிரும் முன் ருகூஃவில் நிலைகொண்டால் அந்த ரக்அத் கிடைத்துவிடும். இல்லையென்றால் மூன்றையும் நீங்களே தொழ வேண்டும்.

இமாம் இரு பக்கமும் திரும்பி இரண்டு ஸலாமும் கொடுத்துத் தொழுகையை முடித்த பின் எழுங்கள். ஹனஃபி சட்டப்பள்ளியைப் பின்பற்றும் இமாம் மறதிக்கான ஸஜ்தாவை (தலையைத் தரையில் வைத்துப் பணிவதை) ஒரு ஸலாமுக்குப் பிறகுதான் செய்வார், அவசரப்பட்டால் மாட்டிக்கொள்வீர்கள். எழுந்து ஃபாத்திஹாவும் (குர்ஆனின் முதல் அத்தியாயம்) வேறொரு ஸூராவும் (அத்தியாயம்) ஓதி ஒரு ரக்அத்; உடனே அத்தஹிய்யாத் இருப்பு (உட்கார்ந்து அத்தஹிய்யாத் துஆ ஓதுவது). இமாமோடு இப்போதுதானே உட்கார்ந்தோம் என்று இதை விட்டுவிடுகிறார்கள். பிறகு அதேபோல் இன்னொரு ரக்அத், கடைசி இருப்பு, ஸலாம். மூன்று ரக்அத்துக்கு மூன்று இருப்பு வரும், குழம்ப வேண்டாம்.